கர்ப்பத்தில் எச்.ஐ.வி. பாசிட்டிவ்: மாத்திரை குழந்தைக்கு ஆபத்தா?

தளிர்

இங்கே இது என் முதல் பதிவு. எனக்கு இப்போது 16 வாரம், முதல் கர்ப்பம். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. பாசிட்டிவ் என்று வந்தது. வேறு வேறு கிட்டில் மறுபடி பார்த்து உறுதி செய்துவிட்டார்கள். கணவருக்கும் பார்த்தார்கள், நெகட்டிவ். அவர் என்னை ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. அந்த ஒரு தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

டாக்டர் ஒரே மாத்திரையாகக் கொடுத்திருக்கிறார். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் அதற்குள் இருக்கிறதாம். அன்றைக்கே ஆரம்பிக்கச் சொன்னார். டப்பா இன்னும் பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. தலைவலிக்குக்கூட மாத்திரை போடாதே, பிள்ளைக்கு ஆகாது என்று கேட்டே வளர்ந்தவள் நான். இவ்வளவு வீரியமான மருந்தை வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு தினமும் போடலாமா? இணையத்தில் தேடினால், டோலுடெக்ராவிர் குழந்தையின் முதுகுத்தண்டைப் பாதிக்கும் என்று ஓர் இடத்தில் இருக்கிறது. இன்னோர் இடத்தில் அதெல்லாம் பழைய கதை என்கிறார்கள். எதை நம்புவது? போட்டவர்கள், பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

இரவுப்பணி

தங்கச்சி, நான் பிரசவ வார்டில் நர்ஸ். மற்றதையெல்லாம் அப்புறம் பேசலாம், இன்றைக்கு ராத்திரி அந்த டப்பாவைப் பிரித்து முதல் மாத்திரையைப் போட்டுவிடுங்கள்.

மருந்தே இல்லாமல் விட்டால், கர்ப்பம், பிரசவம், தாய்ப்பால் மூன்றிலும் சேர்த்து நூறு குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்குத் தொற்று போகும். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, பிரசவ சமயத்தில் ரத்தத்தில் வைரஸைக் கண்டுபிடிக்கவே முடியாத அளவுக்குக் குறைத்துவிட்டால், பிறக்கும்போது தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே வந்துவிடும். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருப்பது உங்கள் அலமாரியில் இருக்கும் அந்த டப்பாதான்.

மருந்து குழந்தையிடம் போகுமா என்றால், போகும். நச்சுக்கொடி வழியாகக் கொஞ்சம் போவது நல்லதற்குத்தான். பிறக்கும் நேரத்தில் தாயின் ரத்தமும் மற்ற திரவங்களும் குழந்தைமேல் படும் அல்லவா? அப்போது குழந்தையின் உடம்பில் ஏற்கெனவே மருந்து இருந்தால் அது ஒரு காவல்.

பகலவள்

தளிர், உங்கள் பதிவைப் படித்ததும் என்னையே பார்த்த மாதிரி இருந்தது. நானும் பாசிட்டிவ்தான். இரண்டு பிள்ளைகள், இரண்டு பேரும் நெகட்டிவ். மூத்தவள் சமயத்தில் கர்ப்பத்தில்தான் எனக்கே தெரியவந்தது. இரண்டாவது குழந்தைக்கு முன்பே மருந்தில் இருந்தேன், வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, கண்டறிய முடியாத நிலையில் இருந்தது. இரண்டு கர்ப்பத்துக்கும் மனதளவில் அவ்வளவு வித்தியாசம். முதல் தடவை ஒவ்வொரு ஸ்கேனுக்கும் நடுங்கிக்கொண்டே போனேன். இரண்டாவது தடவை மற்ற பெண்கள் மாதிரி கால்வீக்கத்தைப் பற்றித்தான் கவலைப்பட்டேன்.

ஆரம்பத்தில் கொஞ்சம் குமட்டும், தூக்கம் கெடலாம். எனக்கு இரவில் போட்டால் தூக்கம் வரவில்லை. டாக்டரிடம் கேட்டுக் காலை நேரத்துக்கு மாற்றிக்கொண்டேன். அதோடு சரியாகிவிட்டது.

கேள்விக்குறி

யாரும் தவறாக நினைக்க வேண்டாம், தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். மருந்தே இல்லாவிட்டாலும் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குத் தொற்று வருவதில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். பிரசவ நேரத்தில்தான் அதிகம் பரவும் என்றும் படித்திருக்கிறேன். அப்படியானால் கடைசி மாதத்தில் மட்டும் மருந்து கொடுத்தால் போதாதா? எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், பல வருடங்களுக்கு முன்பு, வலி எடுத்த பிறகு ஒரே ஒரு மாத்திரைதான் கொடுத்தார்கள். அந்தப் பையன் இன்றைக்கு நன்றாக இருக்கிறான். 5 மாதத்துக்கும் மேலாக எதற்கு மருந்து?

வைகறை

தொற்றுநோய் மருத்துவராக இதற்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்கிறேன். கேள்வி நியாயமானது. அந்த ஒற்றை மாத்திரைக்கு ஒரு வரலாறு உண்டு.

1994 வரை தாய்க்குத் தொற்று இருந்தால் குழந்தையைக் காக்க மருந்து என்று எதுவுமே கிடையாது. அந்த வருடம் அமெரிக்காவிலும் பிரான்ஸிலும் நடந்த 076 என்ற ஆய்வின் முடிவு வந்தது. கர்ப்பத்தில் ஜிடோவுடின் மாத்திரை, பிரசவத்தின்போது அதே மருந்து நரம்பு வழியாக, பிறந்த பிறகு குழந்தைக்கு 6 வாரம் சிரப். மருந்து பெறாதவர்களின் குழந்தைகளில் 25.5 சதவீதத்துக்குத் தொற்று, பெற்றவர்களிடம் 8.3 சதவீதம். மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தி, எல்லாருக்கும் மருந்து கொடுக்க வேண்டியதாயிற்று.

ஆனால் அந்த முறைக்குச் செலவு அதிகம், வசதியும் வேண்டும். ஏழை நாடுகளால் முடியவில்லை. 1999-இல் உகாண்டாவில் நடந்த ஆய்வில்தான் நீங்கள் சொல்லும் ஒற்றை மாத்திரை வந்தது. வலி எடுத்ததும் தாய்க்கு நெவிரபின் ஒரு மாத்திரை, பிறந்த 72 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு ஒரு வேளை சிரப். அவ்வளவுதான். 14–16 வாரத்தில் பார்த்தபோது, குறுகிய கால ஜிடோவுடின் கொடுத்த பிரிவில் 25.1 சதவீதக் குழந்தைகளுக்குத் தொற்று, நெவிரபின் பிரிவில் 13.1. அன்றைய நிலையில் அது எத்தனையோ குழந்தைகளைக் காப்பாற்றிய மருந்து. தென்னாப்பிரிக்காவில் அதைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்க அரசு தயங்கியபோது, நோயாளிகளுக்காகப் போராடியவர்கள் வழக்குப் போட்டார்கள். 2002-இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் கொடுத்தே ஆக வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்தப் பையன் நன்றாக இருப்பதில் எனக்கும் மகிழ்ச்சி.

ஆனாலும் இரண்டு குறை இருந்தது. ஒன்று, 13 சதவீதம் என்பது எட்டுக் குழந்தைகளில் ஒன்று. இன்றைக்கு அதை யாரும் ஏற்க மாட்டோம். இரண்டு, நெவிரபின் உடம்பைவிட்டுப் போகப் பல நாள் ஆகும். அந்த இடைவெளியில் தனி மருந்தை எதிர்த்து நிற்கும் வைரஸ் தாயின் உடம்பில் வளர்ந்துவிடும். பிறகு அந்தத் தாய்க்கே சிகிச்சை தேவைப்படும்போது அந்த மருந்து சரியாக வேலை செய்யாது. குழந்தையைக் காப்பாற்ற, தாயின் நாளைய மருந்தைச் செலவழித்த மாதிரி ஆயிற்று. அதனால்தான் இப்போது மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுக்கிறோம், பிரசவத்தோடு நிறுத்துவதும் இல்லை.

வைகறை

விட்டுப்போன பகுதி: ஏன் கடைசி மாதம் போதாது என்பது.

பரவுவது பெரும்பாலும் கடைசி வாரங்களிலும் பிரசவத்திலும்தான், அது சரி. ஆனால் அந்த நேரத்தில் வைரஸ் ஏற்கெனவே அடங்கியிருக்க வேண்டும். மருந்து போட்ட மறுநாளே அது அடங்காது, வாரக்கணக்கில் ஆகும். குழந்தை குறைமாதத்தில் பிறந்துவிட்டால் கடைசி மாதம் என்று ஒன்று வரவே வராது.

பிரான்ஸில் 2000 முதல் 2011 வரை 8,000-க்கும் மேற்பட்ட தாய்–சேய் இணைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். கருத்தரிக்கும் முன்பே மருந்தில் இருந்தவர்களிடம் தொற்று 0.2 சதவீதம். முதல் மூன்று மாதத்தில் தொடங்கியவர்களிடம் 0.4, நடு மூன்று மாதத்தில் 0.9, கடைசி மூன்று மாதத்தில் 2.2. வாரம் தள்ளத் தள்ள எண் ஏறுவதைப் பாருங்கள். கருத்தரிக்கும் முன்பிருந்தே மருந்து சாப்பிட்டு, பிரசவத்தின்போது வைரல் லோடு (ஒரு மில்லி ரத்தத்தில் வைரஸின் எண்ணிக்கை) 50-க்குக் கீழே இருந்த தாய்மாருக்குப் பிறந்தவை 2,651 குழந்தைகள். அவர்களில் தொற்று வந்தது ஒருவருக்குக்கூட இல்லை.

தளிருக்கு இப்போது 16 வாரம். நேரம் இருக்கிறது, ஆனால் தள்ளிப்போட நேரம் இல்லை.

தளிர்

எல்லாருக்கும் நன்றி. இரவுப்பணி அக்கா, நேற்று ராத்திரி போட்டுவிட்டேன். முழுங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன், அப்புறம் தூங்கிவிட்டேன்.

டாக்டர், முதுகுத்தண்டு விஷயத்தை மட்டும் சொல்லிவிடுங்கள். மனதை அரிக்கிறது.

வைகறை

நீங்கள் படித்தது பொய் இல்லை, பாதிக் கதை. போட்ஸ்வானாவில் செபாமோ என்ற பெரிய ஆய்வு நடந்தது. அங்கே பிரசவங்களைக் கணக்கெடுத்து, தாய் என்ன மருந்தில் இருந்தார், குழந்தைக்குக் குறை ஏதாவது இருக்கிறதா என்று பதிவு செய்தார்கள். 2018 மே மாதம், கருத்தரிக்கும்போதே டோலுடெக்ராவிர் சாப்பிட்டுக்கொண்டிருந்த 426 பேரின் குழந்தைகளில் 4 பேருக்கு நரம்புக்குழாய்க் குறை, அதாவது மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் குழாய் சரியாக மூடாத குறை, இருப்பது தெரிந்தது. வழக்கமாக ஆயிரத்துக்கு ஒன்று அளவில் வருவது, இங்கே நூற்றுக்கு ஒன்றாகத் தெரிந்தது. உலகம் முழுக்க எச்சரிக்கை போனது. பல நாடுகளில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு இந்த மருந்தையே மறுத்தார்கள்.

ஆய்வை நிறுத்தாமல் தொடர்ந்தார்கள். ஆயிரக்கணக்கான பிரசவங்கள் சேரச் சேர அந்த வித்தியாசம் சுருங்கிக்கொண்டே வந்தது. 2019-இல் நூற்றுக்கு 0.3, அதற்குப் பிறகு மற்ற மருந்துகளோடு ஒப்பிட்டால் வித்தியாசமே இல்லை என்ற நிலை. 2019-இலேயே உலக சுகாதார நிறுவனம் கர்ப்பிணிகள் உட்பட எல்லாருக்கும் இதையே முதல் மருந்தாகப் பரிந்துரைத்துவிட்டது.

இன்னொன்று. நரம்புக்குழாய் மூடுவது கரு உருவான முதல் 4 வாரத்தில். உங்களுக்கு 16 வாரத்தில் ஆரம்பித்த மருந்து அதைத் தொட முடியாது.

இந்த மருந்தின் பெரிய பலம் வேகம். தாமதமாக, கடைசி மூன்று மாதத்தில் வந்து சேர்ந்த பெண்களை வைத்து உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஓர் ஆய்வு நடந்தது. பிரசவத்தின்போது வைரல் லோடு 50-க்குக் கீழே வந்தவர்கள் டோலுடெக்ராவிர் பிரிவில் 74 சதவீதம், பழைய எஃபாவிரென்ஸ் பிரிவில் 43 சதவீதம்.

மருந்துச்சீட்டு

யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மருந்தாளுநர். தளிர், இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் கொடுத்திருப்பார்களே, அவற்றை எப்போது போடுகிறீர்கள்?

டோலுடெக்ராவிர் இரும்பு, கால்சியம், மக்னீசியம் இவற்றோடு வயிற்றிலேயே ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் ரத்தத்துக்குப் போகாமல் வீணாக வெளியேறிவிடும். வெறும் வயிற்றில் எல்லாவற்றையும் ஒன்றாக முழுங்கினால், மாத்திரை போட்ட மாதிரியும் இருக்கும், மருந்து வேலை செய்யாத மாதிரியும் இருக்கும். இதற்கு இரண்டு வழி. டோலுடெக்ராவிரைப் போட்டு 2 மணி நேரம் கழித்து சத்து மாத்திரை போடலாம். முதலில் சத்து மாத்திரை போட்டுவிட்டீர்கள் என்றால் 6 மணி நேரம் விட வேண்டும். அதெல்லாம் முடியாது என்றால் இரண்டையும் வயிறாரச் சாப்பிட்டவுடன் சேர்த்தே போடலாம், உணவோடு போனால் இந்தப் பிரச்சினை வராது. வெறும் வயிற்றில் சேர்த்துப் போடுவதுதான் கூடவே கூடாது.

நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை டானிக்கிலும் மக்னீசியமும் அலுமினியமும் இருக்கும். கர்ப்பிணிகள் அதைக் கேட்காமலே வாங்கிக் குடிப்பார்கள். அதற்கும் 2 மணி, 6 மணி கணக்கு உண்டு. சாப்பாட்டோடு சேர்க்கும் சலுகை மட்டும் கிடையாது.

காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவர்கள் தனியாகக் கேளுங்கள். டோலுடெக்ராவிரை ஒரு வேளையிலிருந்து இரண்டு வேளையாக்க வேண்டியிருக்கும்.

பகலவள்

இதை எனக்கு அப்போது யாரும் சொல்லவே இல்லை. மருந்துச்சீட்டு, இதைத் தனிப் பதிவாகவே போடுங்கள், புதிதாக வருபவர்கள் கண்ணில் படட்டும்.

வாந்தி பற்றியும் ஒரு வார்த்தை. மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்தில் வாந்தி வந்துவிட்டால் இன்னொன்று போடுவதா வேண்டாமா என்று அந்த நேரத்தில் யாரைப் போய்க் கேட்பது? முன்கூட்டியே உங்கள் மையத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்விக்குறி

வைகறை டாக்டருக்கு நன்றி. ஒற்றை மாத்திரையின் கதை எனக்குத் தெரியாது. அந்தப் பையனின் அம்மாவிடம் இதைச் சொல்லி, அவர் இப்போது மருந்தில் இருக்கிறாரா என்று கேட்கிறேன்.

வைகறை

கட்டாயம் கேளுங்கள். அந்தக் காலத்தில் சி.டி.4 எனும் நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை நன்றாக இருந்தால் பிரசவம் முடிந்ததும் மருந்தை நிறுத்திவிடுவார்கள். 2011-இல் மலாவி நாடுதான் அதை மாற்றியது. கர்ப்பிணி பாசிட்டிவ் என்றால் எண்ணிக்கை எதுவானாலும் அன்றைக்கே ஆரம்பித்து ஆயுள் முழுக்கத் தொடரலாம் என்று முடிவு செய்தார்கள். ஒவ்வொரு ஊரிலும் சி.டி.4 எந்திரம் வைக்க அவர்களிடம் வசதி இல்லை. பரிசோதனைக்காகக் காத்திருக்கும் நேரத்தில் பெண்கள் கைநழுவிப் போனார்கள். பிறகு அதையே உலகம் எடுத்துக்கொண்டது. 2015-இல் இருந்து தொற்று உள்ள எல்லாருக்கும் உடனே சிகிச்சை என்பதுதான் விதி. பழைய முறையில் மருந்தை நிறுத்தியவர்கள் பலர் இன்னும் அப்படியே இருக்கிறார்கள்.

தளிர்

சில வாரம் கழித்து வருகிறேன். வைரல் லோடு மறுபடி பார்த்தார்கள். ஆரம்பத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தது, இப்போது 50-க்குக் கீழே. ரிப்போர்ட்டை அவர் கையில் கொடுத்தேன், அவரால் பேச முடியவில்லை.

அடுத்த கவலை பிரசவம். சிசேரியன்தான் செய்ய வேண்டுமா? மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை. சிசேரியன் என்றால் ஏன் என்று கேட்பார்கள்.

இரவுப்பணி

கண் நிறைந்துவிட்டது தங்கச்சி.

50-க்குக் கீழே இருந்தால் எல்லாரையும் போல சுகப்பிரசவம் ஆகலாம். இந்தத் தொற்றுக்காக மட்டும் வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. பிரசவம் நெருங்கும்போது 1,000-க்கு மேல் இருந்தால்தான், வலி வருவதற்கு முன்பே 38 வாரத்தில் சிசேரியன் வைப்பதைப் பேசுவார்கள். அந்த வசதி உள்ள இடங்களில் ஜிடோவுடினை நரம்பு வழியாகவும் ஏற்றுவார்கள். 36 வாரத்துக்குள் இன்னொரு தடவை வைரல் லோடு பார்த்துவிடச் சொல்லுங்கள், அந்த எண்ணை வைத்துத்தான் எல்லாம் முடிவாகும்.

வலி எடுத்த அன்றைக்கும் உங்கள் மாத்திரையை விடக் கூடாது. பையில் எடுத்து வந்துவிடுங்கள். வார்டில் கேட்டுக் கொடுப்பார்கள் என்று இருந்துவிடாதீர்கள், பரபரப்பில் விட்டுப்போகும். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று சீட்டில் எழுதி வைத்திருங்கள். சிலர் ரிடோனாவிர் சேர்ந்த மருந்தில் இருப்பார்கள், அவர்களுக்குப் பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கை நிறுத்தப் போடும் எர்காட் வகை ஊசி ஒத்துக்கொள்ளாது.

தொப்புள்கொடியை உடனே வெட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒன்று முதல் மூன்று நிமிடம் பொறுத்து வெட்டுவது உங்கள் குழந்தைக்கும் நல்லதுதான். பிள்ளையைத் துடைத்து உங்கள் மார்பில் போடலாம். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்ற பேச்சுக்கே இடமில்லை.

எனக்கு ஒரு கோபம் உண்டு, அதையும் சொல்கிறேன். முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், பாசிட்டிவ் தாய்மாரின் கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் பெரிதாக எழுதிக் கட்டிலிலேயே தொங்கவிடுவார்கள். பார்க்க வருபவர்கள் எல்லாரும் படித்துவிட்டுப் போவார்கள். ஒரு பெண் பிரசவமான மறுநாளே யாரிடமும் சொல்லாமல் குழந்தையோடு போய்விட்டார். குழந்தைக்கான சிரப்பைக்கூட வாங்கவில்லை. எல்லா வார்டிலும் எல்லாருக்கும் ஒரே மாதிரி கையுறை, ஒரே மாதிரி எச்சரிக்கை என்றால் அந்தச் சிவப்பு மைக்கு வேலையே இல்லை. உங்கள் ரிப்போர்ட் உங்கள் சொத்து. யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்பது உங்கள் இஷ்டம்.

துணைவன்

என் மனைவி பாசிட்டிவ், நான் நெகட்டிவ். தளிரின் கணவர் இதைப் படிப்பார் என்று நினைத்து எழுதுகிறேன்.

தம்பி, கர்ப்பத்தில் எல்லாரும் வயிற்றைப் பார்ப்பார்கள், பிறந்த பிறகு எல்லாரும் தொட்டிலைப் பார்ப்பார்கள். தாயின் மாத்திரையை அப்போது யாரும் பார்ப்பதில்லை. பிள்ளை பிறந்த முதல் மாதங்களில்தான் பல பெண்கள் மருந்தை விடுகிறார்கள் என்று எங்கள் கவுன்சிலர் சொன்னார். தூக்கமில்லை, உடம்பு வலி, வீடு நிறைய ஆட்கள், யார் கண்ணிலும் படாமல் மாத்திரை எடுக்க இடமில்லை. நான் செய்தது ஒன்றுதான். அந்த மாத்திரையை அவள் கையில் கொண்டுபோய்க் கொடுப்பதை என் வேலையாக எடுத்துக்கொண்டேன். ஆள் இருக்கும்போது தண்ணீர் டம்ளரோடு சேர்த்துக் கொடுத்துவிடுவேன். யாரும் கேட்டதில்லை.

நீங்களும் அவ்வப்போது பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அவருக்கு வைரஸ் அடங்கித் தொடர்ந்து அப்படியே இருந்தால் உங்களுக்கு உறவின் மூலம் வராது. அதுவரை ஆணுறை.

தளிர்

அண்ணா, அவரும் படித்துவிட்டார். இன்றைக்கே கைப்பேசியில் அலாரம் வைத்துக்கொண்டார்.

தாய்ப்பால் கொடுக்கலாமா? ஒரு டாக்டர் கொடுக்கலாம் என்றார், இன்னொரு டாக்டர் வேண்டவே வேண்டாம் என்றார்.

வைகறை

இதில் இருவரும் ஒரேயடியாகத் தவறு சொல்லவில்லை. பால்பவுடர் சுத்தமான தண்ணீரில் எப்போதும் தடையின்றிக் கிடைக்கும் என்றால், அதனால் வைரஸ் பரவும் வாய்ப்பு பூஜ்யம். அது கிடைக்காத இடத்தில் தாய்ப்பாலை நிறுத்தினால் வயிற்றுப்போக்கிலும் நிமோனியாவிலும் குழந்தைகளை இழப்போம். அதனால் உலக சுகாதார நிறுவனம், மருந்தில் இருக்கும் தாய்மார் முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு இணை உணவோடு குறைந்தது 12 மாதம், விருப்பப்பட்டால் 24 மாதம் வரையும் கொடுக்கலாம் என்கிறது. பல நாடுகளில் நடந்த ப்ராமிஸ் ஆய்வில், தாய் மருந்தில் இருக்கும்போது தாய்ப்பால் மூலம் தொற்று 6 மாதத்தில் 0.3 சதவீதம், 12 மாதத்தில் 0.6 சதவீதம். மிகக் குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை. தாய்ப்பால் கூடவே கூடாது என்று சொல்லிவந்த அமெரிக்காவும் 2023-இல் தன் வழிகாட்டுதலை மாற்றி, தாயோடு பேசி முடிவெடுங்கள் என்று சொல்லிவிட்டது.

நான் உறுதியாகச் சொல்வது ஒன்று. முதல் 6 மாதத்தில் தாய்ப்பால் என்றால் தாய்ப்பால் மட்டும். கொஞ்சம் தாய்ப்பால், கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் வேறு பால் என்று கலந்து கொடுத்த குழந்தைகளுக்கு, தாய்ப்பால் மட்டுமே குடித்தவர்களைவிடத் தொற்று அதிகம் என்பதை டர்பன் நகர ஆய்வு 1999-இலேயே காட்டியது. தாய்மாருக்கு மருந்து இல்லாத காலத்து ஆய்வு அது. கலப்பு உணவு பிஞ்சுக் குடலின் உள்தோலைப் புண்ணாக்கி வைரஸுக்கு வழிவிடும் என்று கருதுகிறோம். மார்புக்காம்பு வெடித்து ரத்தம் வந்தாலோ, மார்பு கட்டிச் சீழ் பிடித்தாலோ, அந்தப் பக்கம் கொடுக்காமல் பீய்ச்சி வெளியேற்றிவிட்டு மறுபக்கம் கொடுங்கள், உடனே காட்டுங்கள். தினமும் மாத்திரை, குறிப்பிட்ட இடைவெளியில் வைரல் லோடு. இரண்டில் ஒன்று முடியாது என்று தோன்றினால் பால்பவுடர் பக்கம் போவதில் எந்தக் குற்ற உணர்வும் வேண்டாம்.

பகலவள்

நான் மூத்தவளுக்குப் பவுடர், இளையவனுக்குத் தாய்ப்பால். இரண்டுக்கும் ஊர் ஏதாவது சொல்லத்தான் செய்தது.

குழந்தைக்கு நெவிரபின் சிரப் கொடுக்கும் முறையைச் சொல்லவா? தினம் ஒரு வேளை, என் பிள்ளைகளுக்கு 6 வாரம். இரண்டரைக் கிலோவுக்கு மேல் எடை இருந்ததால் ஒன்றரை மில்லி. ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, குழந்தையைக் கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்து, கன்னத்தின் உட்பக்கமாகச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நாக்கின் நடுவில் பீய்ச்சினால் துப்பிவிடும், புரையேறும். பால் குடிப்பதற்குச் சற்று முன்பு, பசியில் இருக்கும்போது கொடுத்தால் மறுபேச்சில்லாமல் விழுங்கிவிடும். வீட்டில் கேட்டவர்களுக்குச் சத்துச் சொட்டு என்று சொன்னேன்.

மருந்துச்சீட்டு

அளவு எடையைப் பொறுத்தது, உங்கள் குழந்தைக்கு எழுதிக் கொடுத்ததை மட்டும் பின்பற்றுங்கள். தாய்க்கு வைரஸ் அடங்காத நிலையில் பிறந்த குழந்தைகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மருந்தும், கூடுதல் வாரங்களும் தருவார்கள். அதில் ஜிடோவுடின் இருந்தால் ரத்தசோகை வருகிறதா என்று கவனிப்பார்கள்.

நீலவானம்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் குழந்தைக்கு 9 மாதம். 6 வாரத்தில் எடுத்த பி.சி.ஆர். (வைரஸையே நேராகத் தேடும் பரிசோதனை) நெகட்டிவ். நேற்று காய்ச்சலுக்குப் போன இடத்தில் சாதாரண எச்.ஐ.வி. கிட்டில் பார்த்துப் பாசிட்டிவ் என்று சொல்லிவிட்டார்கள். என் கைகால் ஓடவில்லை.

வைகறை

மூச்சு விடுங்கள் அம்மா. அந்தக் கிட் பார்ப்பது வைரஸை அல்ல, அதற்கு எதிராக உடம்பு உருவாக்கும் ஆன்டிபாடி என்ற புரதத்தை. கர்ப்பத்தில் உங்கள் ஆன்டிபாடிகள் குழந்தைக்குப் போயிருக்கும், அவை முழுக்க மறைய 18 மாதம் வரைகூட ஆகலாம். தொற்றே இல்லாத குழந்தைக்கும் 9 மாதத்தில் இந்தக் கிட் பாசிட்டிவ் காட்டலாம். அதற்காக அதைத் தூக்கிப்போடவும் வேண்டாம். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தால் 6 வாரத்துக்குப் பிறகு தொற்றியிருக்கவும் வாய்ப்பு உண்டு. எப்படியும் 9 மாதத்தில் ஒரு பி.சி.ஆர். எடுக்க வேண்டிய நேரம்தான். நாளைக்கே எடுங்கள், குத்தி எடுக்கும் சில சொட்டு ரத்தம் போதும். பிறகு 18 மாதத்தில், தாய்ப்பால் அதற்குப் பிறகும் தொடர்ந்தால் நிறுத்தி 3 மாதம் கழித்து, கடைசிப் பரிசோதனை.

ஒருவேளை பாசிட்டிவ் என்றால் அன்றைக்கே சிகிச்சை. சிகிச்சை இல்லாத பிஞ்சுக் குழந்தைகளில் பாதிப் பேர் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. ஆனால் பிறந்த சில வாரங்களிலேயே மருந்து தொடங்கியவர்களிடம் இறப்பு 76 சதவீதம் குறைந்ததைத் தென்னாப்பிரிக்க ஆய்வு 2008-இல் காட்டியது. தெரிந்துகொள்வதில் தாமதம் கூடாது என்பது அதனால்தான்.

நீலவானம்

பி.சி.ஆர். நெகட்டிவ். நன்றி டாக்டர். இங்கே கேட்காமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ.

மழைக்காடு

எனக்கு 10 வாரத்தில் நெகட்டிவ் வந்தது. கணவர் பாசிட்டிவ், இப்போதுதான் மருந்து ஆரம்பித்திருக்கிறார். அவரிடமிருந்து குழந்தைக்கு நேராகப் போகுமா? நான் நெகட்டிவ் என்பதால் இந்த இழை எனக்குப் பொருந்தாது என்று நினைத்துப் படித்துக்கொண்டிருந்தேன்.

வைகறை

நன்றாகப் பொருந்தும். தந்தையிடமிருந்து குழந்தைக்கு நேராகப் போகாது, உங்களுக்கு வந்தால்தான் குழந்தைக்கு. கவலை என்னவென்றால், கர்ப்பத்திலோ தாய்ப்பால் கொடுக்கும்போதோ புதிதாகத் தொற்றினால் முதல் வாரங்களில் வைரல் லோடு உச்சத்தில் இருக்கும். முதல் பரிசோதனை நெகட்டிவ் என்று எல்லாரும் நிம்மதியாக இருக்கும்போது குழந்தைக்குப் போய்விடும்.

அவருக்கு வைரஸ் அடங்கும்வரை ஆணுறை கட்டாயம். உங்களுக்குத் தடுப்பு மாத்திரை, அதாவது பிரெப், கர்ப்பத்திலும் தாய்ப்பால் காலத்திலும் சாப்பிடலாம், டெனோஃபோவிர் அடிப்படையிலானது. உங்கள் மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள். கடைசி மூன்று மாதத்தில் மறுபடி பரிசோதனை, தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் அவ்வப்போது. நடுவில் காய்ச்சல், தொண்டைவலி, உடம்பில் தடிப்பு என்று வந்தால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் உடனே போய் வைரஸையே பார்க்கும் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். கிட்டில் அந்தச் சமயத்தில் தெரியாமல் போகலாம்.

மழைக்காடு

சரி டாக்டர். நாளைக்குக் காலையில் இரண்டு பேரும் சேர்ந்தே போகிறோம்.